அஞ்சு நாளைக்கு ஒரு பிகாஸ்

நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில், பிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில், லீவு கேட்கிற தாள்கள் ஒரு கிளிப்பில் தொங்கும். தாளில் மூன்றே கட்டம். பெயர், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. ஏன் என்று கேட்கிற கட்டம் கிடையாது. அயர்லாந்தின் மேற்குப் பக்கம் இருக்கிற இந்தச் சின்ன ஊருக்கு வந்து மூன்று வருஷம் முடியப்போகிறது, இன்னமும் அந்தத் தாள் எனக்குப் பழகவில்லை. காரணம் சொல்லாமல் லீவு கேட்பது, இலை போடாமல் பந்தியில் உட்கார்ந்து சோறு கேட்கிற மாதிரி இருக்கும். முதல் தடவை பல் பிடுங்க அரைநாள் கேட்டபோது, கட்டங்களுக்குக் கீழே மிச்சம் கிடந்த வெள்ளை இடத்தில் பொடி எழுத்தில் முழுக் கதையையும் எழுதிக் கொடுத்தேன். எந்தப் பல், எத்தனை நாள் வலி, என்ன மாத்திரை தின்றேன், எல்லாம். இல்லத்தின் மேனேஜர் மொரீன் அதை வாசித்துவிட்டு, "இதையெல்லாம் நீ என்னிடம் சொல்ல வேண்டியதில்லை" என்றார். நம்ம ஊரில் ஒருத்தர் அப்படிச் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம். நான் பதறிப்போய் வாயைத் திறந்து பல்லைக் காட்டினேன். மொரீன் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

லீவுக்குத்தான் காரணம் வேண்டாம். வேலையில் ஏதாவது நடந்துவிட்டால் காரணம் வேண்டும். ஷிப்டு முடிந்ததும் சமையலறை நோட்டில் அன்றைக்கு நடந்ததை இங்கிலீஷில் எழுதி வைக்க வேண்டும். வந்த புதிதில் ஒருநாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. 'ஆஸ் ஐ வாஸ் கட்டிங் கேரட், மில்க் பாயில்டு ஓவர்' என்று எழுதிவைத்தேன். மறுநாள் மொரீன் நோட்டோடு வந்தார். கேரட் நறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பால் பொங்கியதா, கேரட் நறுக்கியதால் பொங்கியதா என்று கேட்டார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை. எப்படியானாலும் பால் போனது போனதுதானே. அவர் விடவில்லை. ஆஸ் என்று எழுதினால் 'அப்போது' என்றும் எடுக்கலாம், 'அதனால்' என்றும் எடுக்கலாம், வாசிக்கிறவர் முழிப்பார். காரணம் சொல்கிறாய் என்றால் பிகாஸ் போடு. நடந்ததை முதலில் சொல், பிகாஸை அப்புறம் போடு. அதற்குப் பின்னால் வருகிறது நிஜமான காரணமாக இருக்க வேண்டும். அது தெரியவில்லை என்றால் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போ. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வேலையை விட்டு எடுப்பதற்கு முன்னால் இப்படித்தான் சொல்வார்கள்போல என்று நினைத்து, எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி அந்த ஆஸில்தான் தொடங்கும். நான் என்ன செய்ய? தென்காசியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், இங்கிலீஷில் முதன்முதலாக மனப்பாடம் பண்ணியது லீவு லெட்டரைத்தான். 'ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் ஒன் டே ஒன்லி.' அந்த ஆஸுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டவன் ஒருத்தன் கிடையாது. தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி வாக்கியத்தின் தலையில் ஒரு ஆஸ். ஃபீவரும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் போனாலும் ஃபீவர், கோயில் கொடை விழாவுக்குப் போனாலும் ஃபீவர், வயலில் ஆள் பற்றவில்லை என்று களையெடுக்கப் போனாலும் ஃபீவர். குத்தாலத்தில் சாரல் பிடித்து அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் பாதிக் கிளாஸுக்கு ஒரே நாளில் காய்ச்சல் வரும். மறுநாள் சிவந்த கண்ணும் ஆளுக்கொரு லெட்டருமாக வரிசையில் நிற்போம். சார் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு, "ஏலே, மெயினருவிக் காய்ச்சலா, ஐந்தருவிக் காய்ச்சலா?" என்று மட்டும் கேட்பார். அதைப் பொய் என்று ஒருத்தரும் நினைத்ததில்லை. கேட்கிறவருக்கு வைக்கிற ஒரு கும்பிடு அது, அவ்வளவுதான்.

அந்தக் கும்பிடு எனக்கு என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில், சீசன் தொடங்கிய சமயம், குத்தாலத்தில் ஒரு பரோட்டாக் கடைக்கு மாவு பிசையப் போனேன். வீட்டுக்குத் தெரிந்துதான் போனேன். ஒரு வாரம் என்று தொடங்கியது. தங்கச்சி பேச்சியம்மாள் அதே பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. அவளிடம் காய்ச்சல் லெட்டர் கொடுத்தனுப்புவேன். வாரம் மாசமானது. லெட்டர் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. சீசன் முடிந்து, கையில் மைதா மணத்தோடு நான் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றபோது, "வாலே, இப்பத்தான் தேறுனியா? பேர அடிச்சு நாளாச்சு" என்றார் சார். கோபமாகச் சொல்லவில்லை. இடையில் யாராவது ஒருத்தர் ஏன் வரவில்லை என்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தால், கடையில் நிற்கிறேன் என்று நிஜத்தைச் சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேட்கவில்லை. அதுதான் லெட்டர் வந்துகொண்டிருந்ததே. அப்புறம் அந்தப் பரோட்டா என்னை மஸ்கட் ஓட்டலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இந்த ஊருக்கும் கொண்டுவந்து சேர்த்தது, அது வேறு கதை. ஆனால் லீவு லெட்டர் என்றால் எனக்கு இன்றைக்கும் பயம் வருவதற்கு இதுதான் காரணம். பிகாஸ் போட்டு எழுதக்கூடிய காரணம்.

இத்தனைக்கும் பிறகு நான் இந்த வருஷம் செய்த காரியத்தை நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனியில் மூன்று வார லீவில் ஊருக்குப் போனேன். போனதே பேச்சியம்மாளின் மகள் இசக்கிக்குக் காது குத்துகிறார்கள் என்பதற்காக. மூன்று வயசுப் பிள்ளை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள், எங்கள் அம்மாவுக்கு ஆண்பிள்ளை நான் ஒருத்தன்தான். நாள் குறித்து, கோயிலில் சொல்லி, பத்திரிகை எல்லாம் கொடுத்தாகிவிட்டது. நாலு நாள் இருக்கும்போது இலத்தூரில் தங்கச்சி மாப்பிள்ளையின் பங்காளி முறையில் ஒருத்தர் போய்ச் சேர்ந்தார். நான் முகம்கூடப் பார்த்ததில்லை. பதினாறு நாள் தீட்டு. அது கழிந்து ஆனியிலேயே மிஞ்சியது ஒரே ஒரு முகூர்த்தம், நான் விமானம் ஏற வேண்டிய தேதிக்கு மூன்று நாள் தள்ளி. அதையும் விட்டால் ஆடி பிறந்துவிடும். பயணத்தையும் சேர்த்தால் எனக்கு அஞ்சு நாள் கூடுதலாக வேண்டும். இதற்கு நடுவே, இங்கே என்னுடைய வேலை அனுமதி அந்த மாசக் கடைசியோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க நானும் மொரீனும் சேர்ந்து தாள்களில் கையெழுத்துப் போட வேண்டும். அஞ்சு நாள் பிந்திப் போனாலும் போட்டுவிடலாம். அதற்கு மேல் பிந்தினால் கதை கந்தல்.

பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் சுடலைமுத்து போலீஸ்காரர், வேறு மாவட்டத்தில் வேலை. லீவு லெட்டரில் கரைகண்டவர். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்குப் பழக்கமான ஒரு பிரவுசிங் சென்டருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அதை நடத்துகிற அண்ணாச்சி முன்னே டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர், இங்கிலீஷ் லெட்டருக்குப் பேர்போனவர். "காதுகுத்துன்னு நெசத்தையே எழுதிருவமே மாப்ளே" என்று நான் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

"காதுகுத்துக்கு எவன்வே லீவு குடுப்பான்? எங்க இன்ஸ்பெக்டர்ட்ட போய்க் கேட்டா, காது ஒனக்கா குத்துதாவன்னு கேப்பாரு. நான் எங்க பெரியம்மாவயே மூணு தடவ கொன்னுருக்கேன் மச்சான். அவ நல்லாத்தான் இருக்கா, நேத்துக்கூட ஒம்ம விசாரிச்சா."

"அங்கன அப்படி இல்ல. காரணமே கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்கன்னா அங்கனதான் நல்லா ஸ்ட்ராங்கா சொல்லணும்" என்றார் சுடலைமுத்து.

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நெசத்த எழுதணும்னா, ஏன் தள்ளிப்போச்சுன்னு எழுதணும். தீட்டுக்கு பொல்யூஷன்னு போட்டா வெள்ளக்காரி ஏதோ மில்லுப் புகைன்னு நெனச்சுக்கிடுவா. பங்காளின்னா யாரு, ஆனின்னா என்ன, ஆடியில ஏன் கூடாது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாரா ஆகும். காய்ச்சல்னா ஒரே வரி. என்ன சொல்லுதீரு?"

ஒன்றும் எழுதாமல் தேதியை மட்டும் போட்டு அஞ்சு நாள் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அது எனக்குத் தெரியும். மூன்று வருஷமாக அந்தத் தாளைத்தானே நிரப்புகிறேன். ஆனால் தென்காசிக் கடையில், இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, காரணம் இல்லாமல் ஒரு லெட்டர் என்பது துணி இல்லாமல் தெருவில் இறங்குகிற மாதிரி இருந்தது. தலையை ஆட்டினேன். அண்ணாச்சி தட்டினார்: 'ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் சிவியர் வைரல் ஃபீவர்.' சிவியர் எதற்கு என்று கேட்டேன். "சும்மா ஃபீவர்னா ரெண்டு நாளுதான் நிக்கும். அஞ்சு நாளைக்கு சிவியர் போட்டாத்தான் தாங்கும்" என்றார். மெயில் போய்விட்டது. வெளியே வந்ததும் சுடலைமுத்து எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். எனக்கு அதுவும் இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து எல்லோருமாக ஐந்தருவிக்குப் போனோம். வரிசையில் நின்று, போலீஸ் விசிலுக்குப் பயந்து நாலு நிமிஷம் தலையைக் கொடுத்துவிட்டு, குளிர் நடுங்க வெளியே வந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து போனை எடுத்தேன். மொரீன் பதில் எழுதியிருந்தார். முதியவர்கள் இருக்கிற இடத்தின் சமையலறைக்குள் காய்ச்சல்காரர் யாரும், டாக்டர் முழுதாகத் தேறிவிட்டதாக எழுதிக் கொடுக்கும்வரை வரக்கூடாது என்பது உனக்குத் தெரியும். அவசரப்படாதே. உன் இடத்துக்கு இரண்டு வாரத்துக்கு வேறு ஒரு சமையல்காரரைச் சொல்லிவிட்டேன். அனுமதித் தாள் வேலையை உனக்குக் குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம், உடம்புதான் முக்கியம். கீழே ஒரு படம் இருந்தது. சீக்கிரம் குணமாகச் சொல்லி ஒரு கார்டு. இல்லத்து முதியவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நோரா என்று ஒரு கிழவி உண்டு. நான் மசித்துக் கொடுத்தால்தான் உருளைக்கிழங்கு சாப்பிடுவார், கை நடுக்கத்தால் பேனா பிடிப்பதை விட்டு வெகுநாள் ஆகிறது. அவர் பெயர் மட்டும் கார்டின் ஒரு மூலையிலிருந்து படிக்கட்டு இறங்குகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாக இறங்கியிருந்தது. சிவியர் வைரல் ஃபீவர்க்காரன் நான், தலையில் அருவித் தண்ணீர் சொட்டச் சொட்ட, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கீரு?" என்று துண்டைப் பிழிந்துகொண்டே வந்தார் சுடலைமுத்து. காட்டினேன். வாசித்து முடித்ததும் அவர் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. "நல்ல பொம்பளயா இருக்காளே. பொறவு என்ன, நமக்குத் தெரிஞ்ச டாக்டரு ஒருத்தர் இருக்காரு. காய்ச்சல் விட்டுட்டுன்னு சர்டிபிகேட் வாங்கி, அண்ணாச்சிட்ட இன்னொரு ஆஸ் போட்டுருவோம். ஆஸ் ஐ யாம் ரெக்கவர்டு."

எனக்கு அதுவும் சரியென்றுதான் பட்டது. அதுதான் என் புத்தி. பேச்சியம்மாள் பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் லெட்டர் எழுதி எழுதியே எம் பிள்ளைக்குக் காது குத்திருவிய போல" என்றாள். "அண்ணே, ஒனக்கு வேலைதான் பெருசுன்னா நாளைக்கே கெளம்பு. மடிதான, கூட்டத்துல எவன் மடியாவது கெடைக்காமலா போயிரும்."

அவள் துண்டை உதறினாள். அடுத்துச் சொன்னதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பிள்ளையின் தலையைப் பார்த்துத்தான் சொன்னாள். "அன்னைக்கும் ஒன் காய்ச்சல நான்தான் கொண்டு குடுத்தேன். தெனமும் சாரு மேசைக்கு முன்னால நிப்பேன். இன்னைக்காவது ஒங்க அண்ணனுக்கு என்னன்னு கேப்பாரான்னு. கேட்டாச் சொல்லிரணும்னுதான் நிப்பேன். வாங்கி வச்சுக்கிட்டு, போ புள்ளன்னு அனுப்பிருவாரு. இந்தப் பொம்பள ஒடம்பப் பாருன்னு எழுதிருக்காளேண்ணே. அந்தக் கெழவியெல்லாம் கையெழுத்துப் போட்டுருக்காவளே. இவியகிட்டயும் அதே காய்ச்சலச் சொல்லுதியே."

சுடலைமுத்து போய் வேனை எடுத்து வருகிறேன் என்று நழுவிவிட்டார்.

ஐந்தருவியிலிருந்து திரும்புகிற வழியில் எல்லோரும் பரோட்டா சாப்பிட இறங்கினார்கள். நான் ஓரமாக ஒரு மேசையில் உட்கார்ந்து, போனில், ஒருத்தர் உதவியும் இல்லாமல் எழுதினேன். கல்லில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுதி முடிப்பதற்குள் எல்லோரும் கை கழுவிவிட்டார்கள். 'ஐ டோன்ட் ஹேவ் ஃபீவர். ஐ நெவர் ஹேட் ஃபீவர். ஐ நீட் ஃபைவ் டேஸ் பிகாஸ் மை சிஸ்டர்ஸ் டாட்டர் மஸ்ட் சிட் ஆன் மை லேப் ஃபார் இயர் ஹோல். ஐ யாம் சாரி.' தீட்டையும் பங்காளியையும் ஆனியையும் எழுதவில்லை. எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிகாஸ் போட்டுக்கொண்டு இலத்தூர் வரைக்கும் போக வேண்டும். முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன். அனுப்பிய பிறகு, வேலை போனதுபோலத்தான் என்று முடிவுகட்டி, திரும்ப மஸ்கட்டுக்கு யாரைப் பிடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வேனில் ஏறினேன்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. ஒரே வரி. 'இஸ் தேர் நோ அதர் லேப்?' வேறு மடி இல்லையா. வீட்டில் அந்த ஒரு வரியை ஆளுக்கு ஒரு அர்த்தம் பண்ணினோம். கோபமா, கிண்டலா, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறாரா. முந்தின நாள் பேச்சியம்மாள் குத்திக்காட்டக் கேட்ட அதே கேள்வி, ஆனால் எழுத்தில் குரல் தெரியாதே. சுடலைமுத்து, "இது குறுக்கு விசாரணை மச்சான், பதில் சின்னதா சொல்லும். நீளமாச் சொன்னா மாட்டிக்கிடுவீரு" என்றார். அவர் அத்தனை நாள் சொன்னதில் உருப்படியான யோசனை அது ஒன்றுதான். 'நோ' என்று மட்டும் எழுதினேன். ஒரு மணி நேரம் நான் எழுந்து தண்ணீர் குடிப்பதும் உட்காருவதுமாக இருந்தேன். பிறகு வந்தது. அஞ்சு நாள் எடுத்துக்கொள். மாற்று ஆளுக்கு இரண்டு வாரம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். தாள்களில் கையெழுத்துப் போட இன்ன தேதிக்கு நீ இங்கே இருந்தாக வேண்டும். காய்ச்சல் இல்லை என்பதை நோராவிடமும் மற்றவர்களிடமும் நான் சொல்ல மாட்டேன், நீயே வந்து சொல்.

காதுகுத்து சுந்தரபாண்டியபுரத்துக்குப் பக்கத்தில், சுடலைமுத்து வீட்டுக் குலதெய்வக் கோயிலில். வழியெல்லாம் சூரியகாந்தி பூக்க ஆரம்பித்திருந்தது, கேரளாக்காரர்கள் வண்டிகளை ஓரங்கட்டி நிறுத்திப் பூவுக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், எங்கள் வேன் நகர முடியவில்லை, நல்ல நேரம் தப்பிவிடுமோ என்று எனக்கு வேறு படபடப்பு. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து, மனையில் உட்கார்ந்தேன். இசக்கியைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். தலையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் காது குத்தும்வரை அவளுக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. இரண்டாவதற்கு என் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். அழுகையில் அவள் உடம்பு என் தொடையில் துள்ளித் துள்ளி விழுந்தது. பேச்சியம்மாள் முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சுடலைமுத்துவின் பெரியம்மா, மூன்று தடவை செத்தவள், முதல் பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாள்.

அன்றைக்கே கிளம்பிவிட்டேன். குறித்த தேதிக்கு வந்து கையெழுத்துப் போட்டேன். மொரீன் அந்தக் கார்டை என் கையில் கொடுத்தார். பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், நோராவின் நாற்காலிக்கு முன்னால் நின்று, பிகாஸ் எதுவும் போடாமல் சொன்னேன். எனக்குக் காய்ச்சல் வரவே இல்லை, பொய் எழுதினேன் என்று. அவர், ஒரு நாள்கூட வரவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் கார்டைத் திருப்பிக் கொடு, உன் பெயரை அடித்துவிட்டால் அடுத்தவனுக்கு ஆகும் என்றார். அதைச் சிரிப்பாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அவருக்கு உருளைக்கிழங்கை இரண்டு தடவை மசித்தேன்.

பிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில், லீவுத் தாள்களுக்கு மேலே, மாச அட்டவணை ஒட்டியிருக்கும். நாளுக்கு ஒரு கட்டம். லீவு என்றால் அதில் 'ஏ' போடுவார்கள், உடம்பு சரியில்லை என்றால் 'எஸ்'. என் பெயருக்கு நேரே முதல் சில கட்டங்களில் ஏ. அதற்கு அடுத்த அஞ்சு கட்டத்தில் எஸ் போட்டு அடித்திருந்தது. அடித்ததற்குப் பக்கத்தில், மொரீனின் உருண்டை எழுத்தில், 'லேப்' என்று அஞ்சு தடவை. பாத்திரம் கழுவ வருகிறவர்கள் இது என்ன புது லீவு, எங்களுக்கும் உண்டா என்று கேட்டார்கள். நான் தொடையைத் தட்டிக் காட்டினேன். அவர்களுக்குப் புரியவில்லை.

மாசம் முடிந்து புது அட்டவணை வந்ததும் மொரீன் பழையதைக் கிழிக்கப் போனார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அவருக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லையே. பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருக்கிறேன். வைத்ததிலிருந்து எனக்கு ஒரே கவலை. அடுத்த தடவை போகும்போதோ வரும்போதோ, விமான நிலையத்தில் எவராவது அதைப் பிரித்து, ஒரு மாசத்துக் கட்டங்களில் அஞ்சை மட்டும் காட்டி, இது என்ன, ஏன் இதைச் சுமந்துகொண்டு திரிகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது. முன்கூட்டியே ஒரு வாக்கியம் எழுதிவைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். 'ஐ கீப் திஸ் பேப்பர் பிகாஸ்' வரைக்கும் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் நிஜத்தைத்தான் போட வேண்டும். அந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், இங்கே அடுப்பில் பால் வைத்திருப்பது ஞாபகம் வந்து எழுந்து போய்விடுகிறேன். நிற்கும்போது தொடையில், அழுகிற பிள்ளையின் கனம் இன்னும் இருக்கிறது.